அக்கரைக்கு ஓர் ஆத்தங்குடிக் கல்

2018 மே கடைசி வாரத்தில் நான் சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைத்தான் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நாங்கள் போய் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அங்கே ஜூன் விடுமுறை விட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், ஒரு பேருந்து, ஆளுக்கு ஒரு தொப்பி. காலி வகுப்பறைகளைக் காட்டினார்கள், நாற்காலிகளைத் தொட்டுப் பார்த்தோம், வெள்ளைப் பலகை முன்னால் நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டோம். கூட்ட அறையில் ஓர் அம்மா நாற்பது நிமிடம் திரையில் படம் போட்டு விளக்கினார். பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டோம், நானும்தான். முந்தைய நாள் இரவு பதினோரு மணி வரை முஸ்தபா கடையில் சுற்றினால் வேறென்ன ஆகும்? மறுநாள் கேளிக்கைப் பூங்கா, அதற்கு மறுநாள் மலேசியா, பத்துமலை. ஐந்தாம் நாள் விடுதி வாசலில் வைத்து ‘பன்னாட்டுக் கல்விப் பயணம், 40 மணி நேரம்’ என்று அச்சடித்த சான்றிதழைக் கையில் கொடுத்தார் ஏஜென்ட். நாற்பது நிமிடம் எப்படி நாற்பது மணி நேரம் ஆனது என்று கணக்கு டீச்சரான நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம், அங்கேயே ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டு ஆச்சிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவர் மாமனார் காலத்தில் பினாங்கில் கடை இருந்தது. ஊர் திரும்பியதும் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு ஆச்சியைப் பார்க்கப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “அந்தக் காலத்துல கொண்டுவிக்கப் போனவுக திரும்பி வந்தா முதல்ல ஐந்தொகையத்தான் எடுப்பாக. நீ என்ன கொண்டாந்த டீச்சரு?”

நான் தைலத்தைப் பார்த்தேன். ஆச்சியும் தைலத்தைப் பார்த்தார்.

அந்தக் கேள்வியின் கனம் தெரிய கொஞ்சம் பின்னணி வேண்டும். ‘கொண்டுவிக்க’ என்றால் கடல் கடந்து தொழில் செய்ய. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் செட்டியார் முதலாளிகள் ஏஜென்டுகளை அனுப்பிய காலத்தில், பொதுவாக மூன்று வருடத் தவணை. போகும்போதே சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுப்பார்கள். அங்கே கிட்டங்கி என்னும் வியாபாரக் கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டியோடு உட்காரும் இடம். அன்றன்றைக்கு நடந்ததைச் சிட்டையில் எழுதி, அதிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து, தவணை முடிந்ததும் ஐந்தொகை என்ற முடிவுக் கணக்கைக் கட்டி ஊருக்கு வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும். கடல் தாண்டிப் போனவன் என்பதற்காக யாரும் மாலை போடவில்லை, கணக்கு நேராக வந்ததா என்றுதான் பார்த்தார்கள். இந்தக் கணக்கு முறையைச் சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எனக்கே புத்தி வரவில்லை என்பதுதான் வருத்தம்.

சான்றிதழைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் காலண்டர் மாட்டினேன். இனிமேல் போனால் முறையாகப் போக வேண்டும், இல்லையென்றால் போகவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இடையில் கொரோனா வந்தது, பள்ளி மூடியது, திறந்தபோது ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு வகுத்தலே தகராறாக இருந்தது. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை.

2022 அக்டோபரில் ஆறு ஆசிரியர்கள் சேர்ந்து சீட்டு மாதிரி ஒன்று ஆரம்பித்தோம், மாதம் 3,000 ரூபாய், இருபது மாதம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து நான்கு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள், நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். பணம் சேர்ந்துகொண்டிருந்தபோதே 2023 பிப்ரவரியில் பஞ்சாப் அரசு 36 அரசுப் பள்ளி முதல்வர்களைப் பயிற்சிக்குச் சிங்கப்பூர் அனுப்பிய செய்தி வந்தது. நம் மாநிலத்திலும் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களை 2024 அக்டோபரில் பிரான்ஸுக்கு அழைத்துப் போனார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரிசையில் நம் முறை வருவதற்குள் ஓய்வு வயது வந்துவிடும் என்பது எங்கள் கணிப்பு.

சரி, 2024 மே மாதம் சிங்கப்பூருக்கே இரண்டாவது முறை போனபோது என்ன மாற்றிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம் தேதி. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் 2018ல் எங்களைக் கவிழ்த்தது அதுதான். நமக்கு மே மாதம் விடுமுறை, அவர்களுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை. ஆக, நமக்கு லீவாகவும் அவர்களுக்குப் பாடம் நடப்பதாகவும் இருப்பது மே முதல் மூன்று வாரம் மட்டுமே. முன்பெல்லாம் மே மாதத்தில் அங்கே அரையாண்டுத் தேர்வு குறுக்கே வரும். அந்தத் தேர்வைப் படிப்படியாக எடுத்துக்கொண்டே வந்து 2023ல் தொடக்கப்பள்ளி, உயர்நிலை இரண்டிலும் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள், அதனால் எங்களுக்கு வழி திறந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் விமானச் சீட்டு விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நாட்டுப் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள். கல்வி அமைச்சகத் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கடிதம். பயணத்துக்கு நான்கு மாதம் முன்னால் நான் எழுதிய முதல் கடிதத்தை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ‘உலகப் புகழ்பெற்ற உங்கள் கல்விமுறையைக் கண்டு கற்றுப் பயனடைய விழைகிறோம்’ என்று ஒன்றரைப் பக்கம். மூன்று பள்ளிகளுக்கு அனுப்பினேன், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. அங்கே தமிழாசிரியையாக இருக்கும் ஒரு தூரத்து உறவுக்காரப் பெண்தான் தொலைபேசியில் சொன்னார், “அக்கா, இதே மாதிரிக் கடிதம் எல்லாப் பள்ளிக்கும் வருது. உங்களுக்கு என்ன தெரியணும்னு அதுல இல்லையே.” உண்மைதான், எனக்கே தெரியவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. ஒருவர் ஸ்மார்ட் வகுப்பறை என்றார், ஒருவர் ஒழுக்கம் என்றார், இன்னொருவர் எல்லாமே என்றார். கடைசியில் ஆறு பேருக்கும் பொதுவான தலைவலி எது என்று பார்த்தபோது பின்னக் கணக்கு வந்து நின்றது. எழுத்தில் கொடுத்த கணக்கைப் படித்ததும் எந்த எண்ணை எதோடு என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. இரண்டாவது கடிதம் ஆறே வரி: எங்கள் பிள்ளைகள் இன்ன கணக்கில் இப்படித் தடுமாறுகிறார்கள், விடைத்தாள் நகல் இரண்டு இணைத்திருக்கிறோம், உங்கள் கணக்கு வகுப்பில் இரண்டு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? ஒன்பது நாளில் ஒரு பள்ளியிலிருந்து சரி என்று பதில் வந்தது, குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது, ஒரே நேரத்தில் ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. படம் எடுக்க முடியாமல் போனது எங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று பின்னால் புரிந்தது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகத் துறை கொடுக்கும் தடையின்மைச் சான்றுக்கு ஆறு மாதம் முன்பே எழுதிக்கொடுங்கள். என் கோப்பு ஒரு மேசையில் பதினெட்டு நாள் தூங்கியது, நான்கு தடவை போய் எழுப்பினேன், அந்த வருடம் ஏப்ரல் 19ல் நாடாளுமன்றத் தேர்தல் வேலை வேறு. சிங்கப்பூர் விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 வெள்ளிதான், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் போடலாம், அவர்களின் கூலி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரப் பயணம், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், ஆகவே இரவு விமானத்தில் போய் இறங்கிய அன்றைக்கே பள்ளிக்குப் போகத் திட்டமிடாதீர்கள். எட்டு நாளுக்கு எல்லாம் சேர்த்து எனக்கு 61,000 ரூபாய் ஆனது. கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாததால் மிச்சம் ஆனதுதான் சாப்பாட்டுக்கு உதவியது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம். மற்றவர்கள் சீப்பு சீடை, மாவுருண்டை, ஓலைக் கொட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஏனோ ஆத்தங்குடிக் கல் எடுத்துப் போகத் தோன்றியது. எட்டங்குலக் கல் நான்கு, ஒவ்வொன்றிலும் கால் பூ, நான்கையும் சேர்த்து வைத்தால் முழுப் பூ. ஏழு கிலோவுக்குக் குறையாது. “யாராவது செங்கல்லத் தூக்கிட்டு ஃபிளைட் ஏறுவாகளா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரியும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்.

முதல் நாள் நாங்கள் உட்கார்ந்தது தொடக்கநிலை நான்காம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நான் இருபது பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன், ‘அங்கே கூட்டம் குறைவு, அதனால முடியுது’ என்ற சாக்கைத் தயாராக வைத்திருந்தேன். அந்தச் சாக்கு முதல் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. முதல் இரண்டு வகுப்புகளில் முப்பது, அதற்கு மேல் நாற்பது பேர் வரை என்பதுதான் அங்கே அளவு.

போவதற்கு முன்பே எங்களுக்குள் வேலையைப் பிரித்திருந்தோம். ஒருவர் பலகையில் எழுதப்படுவதை மட்டும் அப்படியே நகல் எடுப்பது, ஒருவர் ஆசிரியர் கேட்கும் கேள்விகளை மட்டும் எழுதுவது, நான் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்ப்பது. இதைத்தான் பயணம் போகும் எல்லாரிடமும் சொல்கிறேன். எல்லாவற்றையும் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணத்தாள்தான் மனதில் நிற்கும். நான் பார்த்த பையன் மூன்றாம் வரிசை, கண்ணாடி போட்டவன். முதல் பதினொரு நிமிடம் பென்சில் சீவினான். உலகத்திலேயே நல்ல கணக்கு வகுப்பு என்று நாம் நினைக்கும் இடத்திலும் ஒருவன் பதினொரு நிமிடம் பென்சில் சீவுகிறான் என்பதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. பன்னிரண்டாவது நிமிடம் ஆசிரியை வந்து அவன் மேசையில் ஒரு காகிதப் பட்டையை வைத்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவன் அதை மடித்தான். மடித்ததற்கு அப்புறம் பென்சிலைத் தொடவில்லை, கணக்கைப் போட்டான்.

அந்தப் பட்டைதான் நாங்கள் தேடிப் போனது. முதலில் கையால் தொடும் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண்ணும் குறியும். 1980களில் சிங்கப்பூர் பாடநூல் தயாரித்தவர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். அடிப்படை யோசனை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனருடையது. அவர்களுக்கும் இது கொண்டுவந்த சரக்குதான் என்று தெரிந்தபோது எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: செல்வி தன்னிடம் இருந்த மாம்பழத்தில் எட்டில் மூன்று பங்கை விற்றாள், மீதி 40, முதலில் எத்தனை இருந்தன? என் வகுப்பில் பாதிப் பேர் 40ஐ 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து 15 என்பார்கள். மீதி 40 இருக்கும்போது மொத்தம் எப்படி 15 ஆகும் என்று ஒருவருக்கும் உறைக்காது. ஒரு தாள் பட்டையை எட்டாக மடிக்கச் சொல்லி, மூன்று மடிப்பைக் கிழித்து எறியச் சொன்னால், கையில் மிச்சம் ஐந்து மடிப்பு. அந்த ஐந்துதான் 40. ஒரு மடிப்பு 8, எட்டு மடிப்பு 64. சூத்திரம் எதுவும் வேண்டாம்.

அன்று மதியம் பார்த்ததுதான் பட்டையைவிட முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளைகள் போனபின் நான்கு கணக்கு ஆசிரியைகள் ஒரு வட்ட மேசையில் உட்கார்ந்து ஆறு பிள்ளைகளின் நோட்டைப் பரப்பினார்கள், எல்லாம் தப்பு விடைகள். இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிள்ளை சோம்பேறி, வீட்டில் கவனிப்பு இல்லை என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த நேரம் அவர்கள் கால அட்டவணையிலேயே இருக்கிறது, வீட்டுக்குப் போகும் நேரத்தைத் திருடிச் செய்வதில்லை. அங்கே ஓர் ஆசிரியருக்கு வருடத்துக்கு 100 மணி நேரம் வரை பணியிடைப் பயிற்சி பெற உரிமை உண்டு, இந்த மாதிரி உட்காருவதும் அவர்களுக்குக் கற்றல்தான். நம் தேசியக் கல்விக் கொள்கை 2020 வருடத்துக்கு 50 மணி நேரம் என்கிறது. மணிக்கணக்கு கிடக்கட்டும், இருபத்தோரு வருட வேலையில் நானும் என் பக்கத்து வகுப்பு டீச்சரும் ஒரு பிள்ளையின் நோட்டை நடுவில் வைத்துப் பேசியது ஒரு தடவைகூட இல்லை. மதிப்பெண் பட்டியலை வைத்துப் பேசியிருக்கிறோம், அது வேறு.

இரண்டாம் நாள் காலை, கல்லைப் பரிசாகக் கொடுத்தேன். அந்த ஆசிரியை, சீனப் பெண், முப்பது வயதுதான் இருக்கும், கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளையில் சுடுவதில்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது பாடவேளையில் போய் உட்கார்ந்தால், கல் நான்கும் வகுப்பு நடுவில் தரையில் கிடக்கிறது, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சமச்சீர்க் கோடு அவர்களுக்கு நான்காம் வகுப்புப் பாடம். முதலில் ஒரே ஒரு கல்லைக் காட்டி எத்தனை கோடு என்றார். மூலைக்கு மூலை ஒன்றுதான். இன்னும் மூன்றைச் சேர்த்தால்? நான்கு. ஒரு கல்லை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, இப்போது? வகுப்பே கத்தியது. அப்புறம் அவர் கேட்டார், எந்தக் கோடும் வராத மாதிரி நான்கையும் வைக்க முடியுமா? பென்சில் சீவிய பையன் முழங்கால் போட்டுத் தவழ்ந்து போய் ஒரு கல்லைத் திருப்பினான்.

நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடமாக அந்தக் கல் மேல்தான் நடக்கிறேன். எங்கள் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்திலும் சமச்சீர்த்தன்மை இருக்கிறது, நான் அதற்குப் பலகையில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டிருந்தேன். கல்லைச் செய்கிறவர்களின் பிள்ளைகளை உட்காரவைத்துப் பட்டாம்பூச்சி. சிட்டையில் அன்றைக்கு அந்த ஒரு வரிதான் எழுதினேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அங்கே எல்லாம் பாலும் தேனும் இல்லை. வகுப்பில் தாள் மடித்த அதே பிள்ளைகளில் பலர் சாயங்காலம் துணைப்பாட வகுப்புக்கு, அதாவது டியூஷனுக்கு, போகிறார்கள். 2017-18ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்குப்படி துணைப்பாடத்துக்கு மட்டும் அந்தக் குட்டி நாட்டில் வருடத்துக்கு 140 கோடி வெள்ளி. ஆறாம் வகுப்பு முடிவில் வரும் தேர்வை நினைத்துப் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாம் பார்த்த நல்ல விடையில் எத்தனை பங்கு வகுப்பறையுடையது, எத்தனை பங்கு துணைப்பாடத்துடையது என்று இரண்டு நாளில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் ஊருக்கு வந்து ‘சிங்கப்பூரைப் பார்’ என்று மேடையில் முழங்குவது அரைக் கணக்கு.

மிச்ச நாளில் உறவுக்காரப் பெண்ணோடு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போனோம். அதே பெயரில் இருந்த பள்ளிதான் அங்கே கடைசித் தமிழ்வழிப் பள்ளி, 1982ல் மூடினார்கள். எங்களில் இங்கிலீஷ் பயத்தால் இரண்டு நாளும் வாயே திறக்காத ஒரு டீச்சர் அங்கே தமிழாசிரியர்களோடு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, எங்களைவிட நிறைய விஷயம் அவர்தான் கொண்டுவந்தார். முதல் நாளே இவர்களைச் சந்தித்திருக்க வேண்டும், வரிசையை மாற்றிப் போட்டது என் தப்பு. கடைசி நாள் சாயங்காலம் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில், 1859ல் நகரத்தார் கட்டியது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி இருந்த இடத்தையும் பார்த்தோம், இப்போது தலையை அண்ணாந்தால்தான் உச்சி தெரியும் கட்டடங்கள்.

திரும்பிய பத்தாம் நாள் ஆறு பேரும் உட்கார்ந்து ஐந்தொகை எடுத்தோம். பள்ளி திறப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், திறந்துவிட்டால் சேர்க்கை, நோட்டுப் புத்தகம், எமிஸ் இணையதளப் பதிவு என்று அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று பத்தி போட்டோம்: அப்படியே செய்யலாம், மாற்றிச் செய்யலாம், நமக்கு ஆகாது. முதல் பத்தியில் இரண்டே வரி வந்தது. அதற்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, 61,000க்கு இரண்டு வரியா என்று.

தோற்றதையும் எழுதுகிறேன். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் என்ன புரிந்தது என்று சின்னச் சீட்டில் எழுதிக்கொடுப்பதை அங்கே பார்த்து மயங்கி வந்தேன். என் ஏழாம் வகுப்பில் நாற்பத்தேழு பேர். நான்கு நாளில் சீட்டுகள் ஒரு மூட்டை சேர்ந்தன, நான் படித்தது முதல் நாள் சீட்டை மட்டும். ஒரு பையன் ‘எல்லாம் புரிந்தது டீச்சர், மதியம் முட்டை உண்டா’ என்று எழுதியிருந்தான். நிறுத்திவிட்டேன். காசு போட்டு லேமினேட் செய்த வண்ண வட்டங்களை எலி கடித்தது. தேர்ந்தெடுத்துப் படிக்கப் புத்தக மூலை என்று வைத்ததும் ஒரு பருவம் தாங்கவில்லை.

பட்டை நின்றது. பழைய நாளிதழைக் கிழித்தால் போதும், செலவில்லை. வருடம் தொடங்கியபோது மாம்பழக் கணக்கில் 15 என்று எழுதியவர்கள் முப்பத்தோரு பேர். வருட முடிவில் அதே மாதிரி வேறொரு கணக்கில் தப்பியவர்கள் பதினான்கு. பதினான்கு அதிகம்தான். அதில் ஐந்து பேர் கணக்கையே படிக்கத் தெரியாமல் தவறுகிறார்கள் என்பதும், அது என் பாடத்து நோய் இல்லை, தமிழ் வாசிப்பின் நோய் என்பதும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

அந்தக் கூட்டம் இரண்டாவது வரி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்குப் போகும்போது நாங்கள் மூன்று பேர் நோட்டோடு உட்காருகிறோம். தலைமை ஆசிரியர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பள்ளியில் இதற்கு ‘நோட்டுப் பஞ்சாயத்து’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு சட்டம்தான், பிள்ளையின் குடும்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது. எங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

சொந்தக் காசில்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஆசிரியர் பயிற்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு, ஏறக்குறைய ஒன்றரை வருடம் அங்கேயே இருக்கலாம், ஐந்து வருடப் பணி அனுபவம் வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் திட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை ஆறு வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கும் ஒரு பிரிவும் இருந்திருக்கிறது. எனக்கு வயது தாண்டிவிட்டது. எங்கள் பள்ளியில் இருபத்தெட்டு வயதில் ஒரு டீச்சர் இருக்கிறார், அவரை மாதம் ஒருமுறை நச்சரிக்கிறேன்.

இந்த ஜனவரியில் சமச்சீர்ப் பாடம் வந்தபோது பட்டாம்பூச்சியை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பை இரண்டு வரிசையாக நடத்தி ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன், ஆச்சி வளவைக் கூட்டித் துடைக்கச் சொல்லி, வெள்ளைப் பணியாரமும் சுடச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நூலைப் பிடித்துக் கோடு எண்ணினார்கள். கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகன், வகுப்பில் என்னிடம் இதுவரை மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாதவன், மற்ற பிள்ளைகளுக்கு அச்சு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று தூணோரமாக நின்று, “டீச்சர், இந்தக் கல்ல மாத்திப் பதிச்சிருக்காங்க” என்றான். போய்ப் பார்த்தேன். ஒரு பூவில் ஒரு இதழ் மட்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆச்சி கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, தூணைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். அறுபது வருடமாக அந்த வழியாகத்தான் சமையல்கட்டுக்குப் போய் வருகிறாராம். “கொத்தன் ஏமாத்திப்புட்டானே!” என்று சிரித்துவிட்டு, அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு பணியாரம் வைக்கச் சொன்னார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தத் தூணடிக்குத்தான் கூட்டிப் போகிறாராம்.